எம்.சி.ஏ. பட்டத்தின் மூன்று ஆண்டுகள்

பட்டங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வித்துவான், புலவர் முதலிய பட்டங்கள் தோன்றி மறைந்த கதையை இலக்கியம் பயின்றோர் ஓரளவு அறிவர். நம் கல்லூரிகளில் தமிழ்த்துறைக்கு அடுத்த கட்டடத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இயங்கிவரும் கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் பட்டத்தின் கதையோ, அதனைப் பயின்றவருள்ளும் பலர் அறியாதது. எம்.ஏ., எம்.எஸ்சி. எல்லாம் ஈராண்டாக இருக்க, எம்.சி.ஏ. மட்டும் நெடுங்காலம் மூன்றாண்டாக இருந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால் கான்பூரில் போய் நிற்போம்.

இந்தியாவுக்குக் கணிப்பொறி வந்தது அதற்கும் முன்னரே. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1955இலேயே ஒன்று இடம்பெற்றது. ஆயினும் அவை ஆராய்ச்சியாளரின் கருவிகள். மாணவன் எட்டி நின்று பார்க்கவேண்டியவை. 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதின் கூட்டுதவித் திட்டத்தின் வழியே ஐ.பி.எம். 1620 வந்தபோதுதான் இந்நிலை மாறியது. நிரல் எழுதுதல் ஒரு பாடமாயிற்று. மாணவர் தாமே அட்டைகளில் துளையிட்டுப் பொறிக்கு ஊட்டினர். அவ்வரிசையின் முதற்பொறிகளில் கூட்டல் செய்யும் தனிச்சுற்றே கிடையாது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உரிய அட்டவணைகளை நினைவகத்தில் ஏற்றிவைத்து, வேண்டும்போதெல்லாம் அதனைப் பார்த்தே அது விடை சொல்லும். திண்ணைப் பள்ளிப் பிள்ளை வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து கணக்குப் போட்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை!

அதே 1963இல் கான்பூரில் ஆசிரியராகச் சேர்ந்தவர் வி. இராஜாராமன். 1933இல் ஈரோட்டில் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மாணவராக இருந்தபோதே ஒப்புமைக் கணிப்பொறி ஒன்றை உருவாக்கும் பணியில் பங்கேற்றவர். பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சினிலும் பயின்று 1961இல் முனைவரானவர். கான்பூரில் மின்பொறியியல் முதுநிலைப் படிப்பினுள் கணினியியல் ஒரு விருப்பப் பிரிவாக முளைவிட்டதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. இவரது நிரலாக்க நூல் 1969இல் வெளிவந்தது. இறக்குமதி நூல்களை வாங்க இயலாத மாணவர்க்கு அத்தகைய உள்நாட்டுப் பாடநூல் எவ்வளவு பெரிய உதவி என்பதை, உரைநூல் கிடைக்காமல் இலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர்.

எழுபதுகளில் நிலைமை வேறாயிற்று. டாடா கன்சல்டன்சி 1968இலேயே தொடங்கப்பட்டிருந்தது. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. உள்நாட்டு நிறுவனங்கள் கணினி செய்யப் புகுந்தன. பொறிகள் பெருகின, அவற்றை இயக்க அறிந்தோர் பெருகவில்லை. ஆள்பற்றாக்குறையை ஆராய எண்பதுகளின் தொடக்கத்தில் மின்னணு ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் இராஜாராமனே. பொறியியல் பட்டதாரிகளை மட்டும் நம்பியிராமல், அறிவியலும் வணிகவியலும் பயின்ற பட்டதாரிகளுக்கெனப் புதிய முதுநிலைப் பட்டம் ஒன்றைத் தொடங்கலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. கணிதத்தில் போதிய பயிற்சி இருந்தால் போதும். 1982இல் எம்.சி.ஏ. பிறந்தது.

மூன்றாண்டின் காரணம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே வருபவர் கணினியைக் கண்ணால்கூடக் கண்டிராதவர். ஆகவே அவருக்கு அடிப்படையிலிருந்து தொடங்கவேண்டும். அதனோடு கணக்குப்பதிவியல், நிறுவன மேலாண்மை, முறைமைப் பகுப்பாய்வு ஆகியனவும் பாடமாயின. சம்பளப் பட்டியல் எவ்வாறு போடப்படுகிறது, கிடங்கில் சரக்கு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்றறியாதவர் அவற்றுக்கு நிரல் எழுதுவது எங்ஙனம்? இறுதியில் ஒரு பருவம் முழுவதும் நிறுவனம் ஒன்றில் செய்முறைப் பணி. பட்டத்தின் பெயரில் அறிவியல் என்னாது ‘பயன்பாடு’ என்று வைத்ததும் இதனாலேயே எனலாம். அப்பெயரைத் தாழ்வாகக் கருதியோர் உண்டு. பேச்சுவழக்கைவிட இலக்கணமே உயர்ந்தது என்று நம்மவர் சிலர் எண்ணுவது போன்றதொரு மயக்கம் அது.

தமிழகத்தில் இப்பட்டம் பெற்ற இடத்தை விளங்கிக்கொள்ள மற்றொரு நிகழ்வை நினைவில் கொள்ளவேண்டும். 1984 முதல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு நடந்தது. 2006ஆம் ஆண்டோடு அது ஒழிந்தது. அந்த இருபதாண்டுகளில் பதினேழு வயதில் ஒரு கதவு மூடப்பட்டவர், ஊருக்கு அருகிலுள்ள கலைக்கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ படித்தனர். இருபது வயதில் அவர்களுக்குத் திறந்த இரண்டாம் கதவு எம்.சி.ஏ. அதற்கும் நுழைவுத்தேர்வு இருந்ததுதான். ஆயினும் மூன்றாண்டு இளநிலைப் படிப்பு அவர்களைப் பக்குவப்படுத்தியிருந்தது. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்த நம் மாணவர் பலர், முதலாண்டு முழுவதும் ஆங்கிலத்தோடும் கணினியோடும் ஒருங்கே மல்லுக்கட்டி, இரண்டாம் ஆண்டில் நிமிர்ந்ததை நாம் அருகிருந்து கண்டிருக்கிறோம். அம்முதலாண்டு இல்லையேல் அவர்கள் நிமிர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

குறைகள் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் காளான்கள் போல் பெருகிய கல்லூரிகள் பலவற்றில் கணினி குறைவு, கற்பிப்போர் அதனினும் குறைவு. நிரலைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றோர் உண்டு. 2001ஆம் ஆண்டுச் சரிவில் வேலை நீங்கி ஊர் திரும்பியோரும் உண்டு. இவற்றுக்குப் பட்டத்தின் அமைப்பைக் குறைகூறுதல் முறையன்று. அமைப்பைப் பின்பற்றாதவரின் குறையே அது.

இதற்கிடையே பி.சி.ஏ.வும் கணினி அறிவியல் பி.எஸ்சி.யும் ஊர்தோறும் பரவின. அவற்றை முடித்தவர் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்றானது. முதலாண்டு வகுப்புகள் மெல்ல மெல்ல வெறிச்சோடின. 2020-21ஆம் கல்வியாண்டு முதல் எம்.சி.ஏ. ஈராண்டுப் படிப்பாயிற்று. செலவும் காலமும் மிச்சம் என்பது உண்மையே. கணினியே படித்து வருபவருக்கு அது நியாயமும்கூட. இயற்பியலோ வணிகவியலோ படித்து வருபவர்க்கும் கதவு அடைபடவில்லை. இணைப்புப் பாடங்கள் படித்துத் தேறவேண்டும் என்பது விதி. அன்று ஓராண்டு முழுவதும் பரந்து கிடந்த அடிப்படையை, முதுநிலைப் பாடங்களின் இடையிடையே அவர்கள் இன்று சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இராஜாராமன் 2025 நவம்பரில் தமது 92ஆம் வயதில் பெங்களூரில் மறைந்தார்.