தண்டவாளம் விலகிப்போன நிகோடிமஸ்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே, கிரஹாம் கவுண்டியில் உள்ள நிகோடிமஸ், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 14 பேரை மட்டுமே கொண்டிருந்த சிற்றூராகும். இத்தகைய ஊர்களை அந்நாட்டுச் சட்டம் நகர உள்ளாட்சியாகப் பதிவு பெறாத குடியிருப்புகள் என வகைப்படுத்துகிறது; இவற்றுக்குத் தனி மன்றமோ மேயரோ இல்லாமையால், மாவட்டத்தை ஒத்த கவுண்டியும் அதன் உட்பிரிவான டவுன்ஷிப்பும் நிர்வாகத்தைக் கவனிக்கின்றன.

உள்நாட்டுப் போர் அடிமை முறையை ஒழித்தபோதிலும், தென்மாநிலங்களில் விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிட்டவில்லை. ஐந்தாண்டுகள் தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் அரசு நிலத்தைச் சொந்தமாக்கிய 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச்சட்டம் மேற்கே ஒரு வாசலைத் திறந்துவைத்திருந்தது. 1877இல் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளை இன நில வணிகரும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் வேறு சிலருடன் சேர்ந்து ஊர் அமைப்பதற்கான நிறுவனமொன்றைத் தொடங்கிக் கென்டக்கியில் துண்டறிக்கைகளைப் பரப்பினர். அவற்றை நம்பி அவ்வாண்டு செப்டம்பரில் வந்த 300க்கும் மேற்பட்டோர், எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவைப் பெரும்பாலும் நடந்தே கடந்தனர்.

வந்தவர்கள் கண்டது ஊரை அன்று. மண்ணுக்குள்ளிருந்து எழுந்துகொண்டிருந்த புகையை மட்டுமே. மரமற்ற புல்வெளியில் வீடு கட்டப் பலகை கிடைக்காததால், முன்னரே வந்தவர்கள் சரிவுகளைக் குடைந்து, மேலே கிளைகளையும் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளையும் பரப்பிய குழிவீடுகளில் வாழ்ந்தனர். சில குடும்பங்கள் மனமுடைந்து திரும்பிவிட்டன. எஞ்சியவர்களிடம் ஏரும் உழவுமாடும் அரிதாகவே இருந்தமையால் மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் நிலத்தைக் கிளறினர். முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் பகிர்ந்தளித்த இறைச்சியே பலரின் உயிரைக் காத்தது. மழை பொய்ப்பது வழக்கமாகிவிட்ட 100ஆம் மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டிய நிலப்பரப்பு இது என்பதைத் துண்டறிக்கைகள் சொல்லவில்லை.

இருந்தும், பத்தாண்டுகளுக்குள் தேவாலயங்கள், விடுதி, கடைகள், பள்ளி ஆகியவற்றுடன் இரண்டு செய்தித்தாள்களும் தோன்றின. இங்குக் குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறை ஒழிந்து இருபதாண்டுகள்கூட நிறையாத காலத்தில் இது சிறிய செய்தி அன்று.

ஊரின் போக்கைத் திருப்பியது ரயில்பாதை. அக்காலச் சமவெளியில் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லத் தண்டவாளமே வழி என்பதால், நிறுவனங்களைத் தம் பக்கம் ஈர்க்க ஊர்கள் கடன்பத்திரங்களை வெளியிட்டுப் போட்டியிட்டன. நிகோடிமஸ் மக்களும் 1887இல் மிசௌரி பசிபிக் நிறுவனத்துக்காக 16,000 டாலர் கடன்பத்திரங்களுக்கு வாக்களித்தனர். பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் ஆற்றின் தென்புறமாகவே பாதை அமைக்க, வணிகர்களில் பலர் கடையைப் பெயர்த்துக்கொண்டு போக் என்ற புதிய நிலைய ஊருக்குச் சென்றனர். இந்த வீழ்ச்சிக்கு வறட்சியையே முதற்காரணமாகக் காட்டுவது பொருந்தாது: வறட்சி உழவரைத் தளர்த்தியதேயன்றி, வணிகத்தைப் பிடுங்கிச் சென்றது தண்டவாளமே. வணிகர் போன பின்னும் நிலமுடைய குடும்பங்கள் கோதுமை பயிரிட்டுத் தங்கின. ஆனால் 1930களின் புழுதிப்புயலும் பொருளாதார மந்தமும் அவர்களிலும் பலரை வெளியேற்றின. 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது.

ஆயினும் சிதறிப்போன வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் அடிமை விடுதலை விழாவுக்காகக் கூடுகின்றனர். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்த விடுதலையை ஒட்டிய வழக்கம் அது. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிகோடிமஸைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. பொருளாதார மந்தக்கால வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் 1939இல் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட டவுன்ஷிப் மன்றக் கூடமே இப்போது பார்வையாளர் மையமாகவும் இயங்குகிறது.