இமை இறங்கிய கதை



இரண்டு மாதம் முன்பு என் அக்காவுக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி. கூடவே வலது இமை இறங்கிவிட்டது. கையால் தூக்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. "கண்ணாடி மாத்தணும் போலடா தம்பி" என்றார். மருத்துவர்கள், மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த நாட்களில் நான் படித்ததை, வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன்.

மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் வளையமாக இணைந்திருக்கின்றன. 1664இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் அதைத் தம் நூலில் விளக்கினார். அதற்குப் படம் வரைந்தவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்!

இந்த வளையத்தை ஒட்டித்தான் மூன்றாவது மூளை நரம்பு கண்ணுக்குப் போகிறது. இமையைத் தூக்குவது, கண்ணின் பெரும்பாலான அசைவுகள், பாவையைச் சுருக்குவது எல்லாம் அதன் வேலை. குழாயில் பலவீனமான இடம் பலூன் போல உப்பினால் அந்த நரம்பு நசுங்கும். பலூன் வெடித்தால் இரத்தக்கசிவு. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் ஆறாவது நரம்பும் சோரும். கண் வெளிப்பக்கம் திரும்பாது.

உயிரோடு இருப்பவரின் மூளைக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்க்கும் வழியை 1927இல் லிஸ்பனில் ஈகாஸ் மோனிஸ் கண்டார். 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், உப்பிய குழாயைத் தசைத்துண்டால் சுற்றிக் கட்டினார். 1937 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு, மூன்றாவது நரம்பு செயலிழந்த ஒருவர் வந்திருந்தார். பலூன் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்தக் கண்தான் துப்பு. வால்டர் டேண்டி அதன் கழுத்தில் சிறு வெள்ளிக் கிளிப்பைப் போட்டு மூடினார். நோயாளி பிழைத்தார். 1990களில், மண்டையைத் திறக்காமலே தொடைக் குழாய் வழியாகப் பிளாட்டினக் கம்பிச்சுருளை அனுப்பி அடைக்கும் முறையும் வந்துவிட்டது.

அக்காவுக்கும் கிளிப்தான் போட்டார்கள். இமை இப்போது பாதி திறக்கிறது. நரம்பு தேற மாதக்கணக்காகும். சிலருக்கு முழுதாகத் தேறாமலும் போகலாம் என்கிறார்கள்.

பிள்ளைகளே, வாத்தியார் சொல்வதை ஒரு தடவை கேளுங்கள். திடீர்க் கடும் தலைவலியோடு இமை இறங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.