தப்பொலியும் மெழுகுருளையும்

உக்குவளையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்குப் பொழுதை அறிவித்தது தப்பு. விடியற்காலையிற் பிரட்டுக்கு அழைத்த அடி வேறு. சாவுவீட்டில் முழங்கிய அடி வேறு. காமன் கூத்துக்குரியது பிறிதொன்று. கருவி ஒன்றாயினும் கேட்ட மாத்திரத்தே செவி வேறுபாட்டை உணர்ந்தது. செவி இவ்வாறு இனங்காணும் கோலத்தை அளந்து நிறுவுதல் இயலுமா?

இலங்கைக்கு இவ்வினா புதியதன்று. 1907-08 இல் வேடரிடையே ஆய்வு நிகழ்த்திய செலிக்மன் இணையர் அவர்தம் பாடல்களை மெழுகுருளைகளிற் பதிவுசெய்தனர். அவற்றை ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர் சார்ள்ஸ் மயர்ஸ். உருளை சுழலும் வேகம் மாறின் சுருதியும் மாறும். ஆதலின் பதிவின் தொடக்கத்திற் சுருதிக்குழலை ஊதி வைத்தல் அக்கால ஆய்வாளர் கைக்கொண்ட முறை. மயர்ஸ் சுரங்களை எண்ணி, இரண்டே சுரங்களில் அமைந்தவை, மூன்றில் அமைந்தவை, நான்கில் அமைந்தவை எனப் பாடல்களை வகுத்தார். இவ்வாய்வு 1911 இல் வெளியான செலிக்மனின் வேடர் பற்றிய நூலில் இடம்பெற்றது. சுரம் குறைந்த பாடலே பழமையானது என்று எவரேனும் இதிலிருந்து முடிவுகட்டின் அஃது ஏற்கத்தக்கதன்று. சுரத்தொகை காலக்கணக்கு ஆகாது. ஆயினும் மீண்டும் மீண்டும் கேட்டுச் சரிபார்க்கத்தக்க சான்றொன்று அவர் கையில் இருந்தது.

மலையகப் பாடல்களுக்கு அந்த வாய்ப்பு எளிதிற் கிட்டவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் அரிதின் முயன்று தொகுத்தனர். ஆனால் அச்சேறியது சொல்லே. தாலாட்டின் இழுவையும் ஒப்பாரியின் விம்மலும் தாளிற் படியா. தப்புக்கோ சொல்லே இல்லை.

இன்று கணினி கொண்டு தப்பொலியை ஆராய்தல் கடினமன்று. ஒவ்வோர் அடியும் ஒலிவரைவில் முகடாக எழும். முகடுகளுக்கிடைப்பட்ட காலத்தை ஆயிரத்திலொரு நொடிவரை அளக்கலாம். அடிப்பவர் விரைந்தால் இடைவெளிகள் சுருங்கும்; அவற்றின் விகிதமோ பெரிதும் மாறாது. அவ்விகிதம் மீள மீள வருதலே கோலம். எனினும் காலம் மட்டும் போதாது. தடித்த குச்சியின் அடியும் மெல்லிய குச்சியின் அடியும் ஒலித்தன்மையால் வேறுபடுவன. தீயிற் காய்ச்சிய தோலின் ஒலி, அது தளர்ந்தபின் எழும் ஒலியன்று. இவற்றையும் குறித்தாலன்றிப் பிரட்டடியையும் சாவடியையும் கருவி பிரித்தறியாது.

அதற்கும் முன்னர் வேண்டுவது பதிவு. எந்த அடி எதற்குரியது எனச் சொல்லவல்ல முதியோர் முன்னிலையில், அவர் கூற்றோடு சேர்த்தே அது செய்யப்படல் வேண்டும். பெயரறியா அடியை எத்துணை நுட்பமாக அளந்தும் பயனில்லை.