தண்ணீரில் கரையும் சாயம் பிறந்த கதை

உருக்கிய கிளிசரின் சோப் பேஸில், வெந்நீரில் கரைத்த நீலச் சாயத்தை இரண்டு சொட்டு விடுங்கள். கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பாத்திரம் முழுக்கத் திட்டில்லாமல் நிறம் பிடித்துவிடும். வீட்டு அடுப்படியிலும் இன்று சுலபமாகிவிட்ட இந்தக் காரியத்துக்குப் பின்னால் 160 ஆண்டுக்கும் மேலான கதை இருக்கிறது.

1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனை நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தயாரிக்க முயன்றார். மருந்து வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. அதையடுத்துச் செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் அனிலின் நீலம் அழகானது, ஆனால் சாராயத்தில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. பெர்கினைப் போலவே வேதியியல் பேராசிரியர் ஹாஃப்மனிடம் படித்த எட்வர்ட் நிக்கல்சன், 1862-இல் அந்த நீலத்தைக் கந்தக அமிலத்தோடு வினைபுரிய வைத்தார். மூலக்கூறில் சல்ஃபோனிக் தொகுதி ஒட்டிக்கொண்டது. அதன் சோடியம் உப்பு தண்ணீரில் கரைந்தது. இன்று சோப்பிலும் ஷாம்பூவிலும் சேர்க்கும் பிரில்லியன்ட் புளூ அதே குடும்பம்தான். 1884-இல் வந்த டார்ட்ராசின் மஞ்சள் வேறு குடும்பம்; ஆனாலும் கரைவது அதே சல்ஃபோனிக் தொகுதியின் தயவால்தான்.

கரையும் குணத்தால் சங்கடமும் உண்டு. நீலத்தின் மேல் வெள்ளை அடுக்கு ஊற்றினால், சோப்பிலுள்ள ஈரத்தின் வழியே நீலம் நாளடைவில் வெள்ளைக்குள் பரவிவிடும். எண்ணெயும் மெழுகும் மட்டுமே உள்ள உதட்டுப் பூச்சிலோ இந்தச் சாயம் கலக்கவே கலக்காது, புள்ளி புள்ளியாக நிற்கும். அங்கே, சாயத்தை அலுமினியச் சேர்மத்தில் ஏற்றிக் கரையாத பொடியாக்கிய ‘லேக்’ நிறமிதான் சரி. காஸ்டிக் சோடா ஊற்றிச் செய்யும் சோப்பில் இன்னொரு சோதனை: சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பதுபோல, காரத்தில் பல சாயங்கள் நிறம் மாறும். முதலில் ஒரு சின்ன அச்சில் ஊற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

துணிச் சாயப் பொட்டலத்தை மட்டும் தொடவே வேண்டாம். அழகுப் பொருள்களுக்கு அனுமதித்த நிறங்களை இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 4707 பட்டியலிடுகிறது. அவற்றில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். துணிச் சாயத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. குழந்தையின் தோலில் தேய்க்கப்போகிற சோப்புக்கு, அனுமதி பெற்ற சாயத்தை லேபிள் பார்த்தே வாங்குங்கள்.