மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் தாவர எரிபொருளும் இரசாயனமும்

பெற்றோலியத்துக்குப் பதிலாகப் பயிர், மரம், விவசாயக் கழிவு ஆகியவற்றினின்று பெறப்படும் எரிபொருள்களும் இரசாயனங்களும் தாவர மூலப் பொருள்கள் எனப்படும். இலங்கையின் கீழ்க்கரையில், எழுவான்கரைத் தென்னந்தோப்புகளும் படுவான்கரை நெல்வயல்களும் இருபுறமும் சூழ, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியை அடுத்த பிரதேசத்தில் இவற்றின் சரித்திரம் நெடியது.

பூர்வகாலத்தில் இல்லங்களிலும் ஆலயங்களிலும் தேங்காய், இலுப்பை, புன்னை ஆகியவற்றின் எண்ணெயே தீபமாய் எரிந்தது. மண்ணெண்ணெய் பரவிய பின்னர் அவ்வழக்கம் குன்றியது. எனினும் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டமை, தாவர எண்ணெய் இயந்திர யுகத்துக்கும் உரியதே என்பதை நிரூபித்தது.

இப்பிரதேசத்தின் நவீன முயற்சிகளுள் தலையாயது, ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியை ஆரம்பித்த வாழைச்சேனைக் கடதாசி ஆலையாகும். எரித்தொழிக்கப்பட்டு வந்த வைக்கோல் அங்கு மூலப்பொருளாயிற்று. வைக்கோலைக் காரத்தில் வேகவைக்குங்கால் செலுலோசு கூழாகப் பிரிய, லிக்னின் கரைந்து கருந்திரவமாய் வெளிப்படும். பெற்றோலியத்திலிருந்து செய்யும் பிசின்களுக்கும் பசைகளுக்கும் லிக்னின் மாற்றாக வல்லதாயினும், நெற்பயிரிலுள்ள மிகுதியான சிலிக்கா அக்கருந்திரவத்திலிருந்து காரத்தை மீட்பதைக் கடினமாக்குகிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆலையின் உற்பத்தி நலிந்தது.

1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த அம்பாறையில், கல்லோயாத் திட்டத்தின் நீர்ப்பாசனத்தால் கரும்புச் செய்கை விருத்தியடைந்து, ஹிங்குராணைச் சீனி ஆலை எழுந்தது. சீனி பிரிந்தபின் எஞ்சும் பாகினைப் புளிக்கவைத்து வடித்தால் மதுசாரம் கிடைக்கும். 1975 முதல் பிரேசில் தேசம் மோட்டார் வாகனங்களுக்கென்று கரும்பிலிருந்து பெருமளவில் உற்பத்தி செய்வித்த எரிபொருளும் இம்மதுசாரமேயாகும்.

இன்று பிரதானமாய்க் கருதத்தக்கது உமி. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமியாதலின், ஒரு தொன் நெல்லைக் குற்றினால் சுமார் 200 கிலோகிராம் உமி மிஞ்சும். அது அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலன்களுக்கு எரிபொருளாகிறது. அதன் சாம்பலில் பெரும்பகுதியான சிலிக்கா சிமெந்துக்கும் றப்பருக்கும் பயன்படும். 2005இல் தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் பிரகடனம் செய்த கிளிரிசிடியா மரமும் வேலிகளில் எளிதில் வளர்ந்து விறகளிப்பது.

உண்ணும் நெல் விளையும் வயலை எரிபொருட் பயிருக்கு மாற்றுவதும், மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமான வாவிக்கரைக் கண்டற் காடுகளை விறகுக்காக அழிப்பதும் இப்பிரதேசத்துக்குத் தகா. வைக்கோல், உமி, சிரட்டை, கரும்புப்பாகு ஆகிய எச்சங்களே இங்கு பெற்றோலியத்துக்கு உரிய மாற்றாகும்.