கறுத்த பழம்

கீரமங்கலத்திலிருந்து அம்மா ஒரு தார் பூவன் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரே வாரத்தில் பாதித் தார் கறுத்துவிட்டது. கறுத்த பழத்தைக் கையால் பிசைவது என் ஆறு வயது மகனுக்கு மிகப் பிடித்த வேலை. ஐந்து பழம், ஒன்றரைக் கப் கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை, நெய், சோடா உப்பு, கொஞ்சம் தயிர். பேரீச்சம்பழம், திராட்சையோடு வடகாட்டுப் பலாச்சுளை இரண்டையும் பொடியாக நறுக்கிப் போட்டோம். ஓவன் இல்லை. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து அதில் தட்டை இறக்கினோம். சிறுதீயில் முக்கால் மணி நேரம். காத்திருக்கும்போது கேட்டான்: "அம்மா, இத மொதல்ல யாரு கண்டுபிடிச்சா?"

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வாழைப்பழ ரொட்டி அமெரிக்காவில் பரவலானது 1930களில், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில். கறுத்த பழத்தைக்கூடத் தூக்கி எறிய முடியாத வீடுகள் அப்போது அங்கே நிறைய. சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் மலிவாகக் கிடைத்தன. மாவு விற்கும் கம்பெனிகள் செய்முறைப் புத்தகங்கள் அச்சிட்டு வீடுகளுக்குள் அனுப்பின. அட்டையில் கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தச் செய்முறையை எத்தனையோ அடுப்படிகளில் தீய்த்துத் தீய்த்துச் சரிசெய்த பெண்களின் பெயர் இருக்காது. பழம் வந்த வழியும் அப்படித்தான். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியேனகாவில், யுனைடெட் ஃப்ரூட் கம்பெனித் தோட்டத் தொழிலாளர்கள் வாரத்துக்கு ஆறு நாள் வேலையும், கூப்பனுக்குப் பதில் ரொக்கக் கூலியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை.

இதையெல்லாம் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "நெறைய அம்மாங்க சேந்து கண்டுபிடிச்சாங்க" என்றேன். அவனுக்கு அது போதவில்லை.

எனக்கும் போதவில்லைதான். நம் பக்கம் மட்டும் என்ன? கறுத்த பழத்தை அரிசி மாவிலும் வெல்லத்திலும் பிசைந்து பணியாரக் கல்லில் ஊற்றியவள் யார்? மா, பலா, வாழை என்று முக்கனியை அடுக்கிப் பாடியவர்களின் பெயர் நமக்கு இருக்கிறது. பலாப்பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தவள் பாட்டுக்குள் வருவதில்லை. சமையலைத் தன் பெயரில் அச்சேற்றிய மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது 1951இல். இளவயதில் கணவரை இழந்தவர் அவர். அந்தப் புத்தகத்தைச் சமையல் வரிசையில் வைப்பதோடு நிறுத்தாமல், பெண்ணெழுத்து வகுப்பிலும் வைக்கவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது ஒரு பிராமண வீட்டு அடுப்படி. எங்கள் ஊர்ப் பணியாரமும் வாழைக்காய்ப் புட்டும் வாய்வழியாகவே வந்தவை.

அம்மா அறுபது வயதுவரை வாழைக்கொல்லையில் நின்றவர். கன்று நட்டு, மண் அணைத்து, சருகறுத்து, தார் வெட்டும்வரை அவர் கைதான். நல்ல சீப்பு சந்தைக்குப் போகும், அடுத்தது விருந்தாளிக்கு. கறுத்தது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். அதைப் பணியாரமாக்கிவிட்டால் "சிக்கனக்காரி" என்று ஊரே மெச்சும். அந்த மெச்சலில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலுக்கு முன் கஜா கரையேறியது. விடிந்து பார்த்தால் கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு முழுக்கத் தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்து கிடந்தன. எங்கள் கொல்லையில் ஒரு வாழை நிற்கவில்லை. சேதம் கணக்கெடுக்க வந்தவர் அப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், நிலம் அவர் பெயரில் இருந்ததால். மரங்களை எண்ணிச் சொன்னது அம்மா. எந்த வரிசை எந்த மாதம் நட்டது, எது குலை தள்ளியது, எது தள்ள இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். கரண்ட் வராத அந்த நாட்களில் சாய்ந்த மரத்துப் பிஞ்சுக் காய்களைப் புட்டாகவும் வறுவலாகவும் கூட்டாகவும் ஆக்கி, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்திருக்கிறார். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மகனிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவன் தன் நோட்டை எடுத்து வந்து செய்முறையை எழுதப்போவதாகச் சொல்லி அம்மாவுக்குப் போன் போடச் சொன்னான்.

"அம்மாச்சி, பழ ரொட்டிக்கு எவ்வளவு மாவு போடணும்?"

"ரொட்டி எனக்கெங்க சாமி தெரியும்? பணியாரம்னா பழத்துக்குத் தக்கன மாவு. மாவுக்குத் தக்கனப் பழத்தப் போட்டியன்னா கல்லு மாதிரி வரும்."

அதை எழுதிக்கொண்டான். பிறகு, "ஒங்க பேரு என்ன அம்மாச்சி?" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்புதான். "என் பேரு ஒனக்கு எதுக்குடா?" அவன் விடவில்லை. சொன்னார். நெடிலைக் குறிலாக்கி எழுதியிருக்கிறான். நான் திருத்தவில்லை.

ரொட்டி அடியில் லேசாகத் தீய்ந்திருந்தது. சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம். பலாச்சுளை போட்ட இடமெல்லாம் ஈரமாக, நன்றாகவே இருந்தது.