ரேடியல் ஸ்கார் பிறந்த கதை

மார்பில் கட்டி என்று அறுவை மேசையில் படுக்கும் பெண், கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா என்று தெரியாமலே மயக்க மருந்துக்குச் சம்மதித்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1970கள் வரை அதுவே வழக்கம். கட்டியில் ஒரு துண்டை வெட்டி, உறையவைத்து, மெல்லியதாகச் சீவி உடனே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பேத்தாலஜிஸ்ட் புற்றுநோய் என்று சொன்னால் அதே மயக்கத்திலேயே மார்பகம் போய்விடும். பல நேரம் அடியிலிருக்கும் நெஞ்சுத் தசைகளும் போகும். அந்த ஒரு சொல் தவறினால், இழந்ததைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

அப்படித் தவறவைக்கும் ஒரு மார்பகத் திசு மாற்றத்தைப் பற்றி 1974இல் ஃபெனோக்லியோ, லாட்டஸ் என்ற இரு மருத்துவர்கள் ‘கேன்சர்’ இதழில் எழுதினார்கள். இது தீங்கற்றது, ஆனால் அடிக்கடி புற்றுநோயாகக் கருதப்படுகிறது என்று கட்டுரைத் தலைப்பிலேயே எச்சரித்தார்கள். மறு ஆண்டு ஹாம்பெர்ல் என்பவர், கதிர் வீசும் தழும்பு என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயர் வைத்தார். அதுதான் ஆங்கிலத்தில் ரேடியல் ஸ்கார் ஆனது. காயம் பட்டு வருவதல்ல இது, தானாக உருவாவது.

ஏமாற்றும் பகுதி அதன் நடுவில் இருக்கிறது. அங்கே நார்த்திசு இறுகிக் கிடக்க, சுற்றிலும் பால்நாளங்கள் சக்கரத்து ஆரக்கால்களாக விரிகின்றன. இறுக்கத்துக்குள் சிக்கிய சிறு குழல்கள் நசுங்கி, கோணலாகி, திசுவைத் துளைத்துப் பரவுவதுபோலத் தெரியும். டியூபுலர் கார்சினோமா என்ற உண்மையான புற்றுநோயிலும் குழல்கள் அப்படித்தான் இருக்கும். மேமோகிராம்கூட இரண்டையும் நட்சத்திர வடிவில் காட்டிக் குழப்பும்.

வேறுபாடு ஒற்றை வரிசைச் செல்களில் இருக்கிறது. ரேடியல் ஸ்காரின் குழல்களைச் சுற்றி மயோஎபிதீலியல் செல்கள் உண்டு. டியூபுலர் கார்சினோமாவில் இல்லை. நசுங்கிய குழலில் அந்த வரிசை சாதாரணச் சாயத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். பி63 போன்ற புரதங்களைத் தேடும் சாயங்கள் வந்தபிறகே அதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஊசியில் எடுத்த சிறு துண்டில் குழப்பமான நடுப்பகுதி மட்டுமே வந்திருந்தால், இந்தச் சாயச் சோதனையைச் செய்யாமல் அறிக்கையில் கையெழுத்திடவே கூடாது என்பேன்.

அதற்காக இதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. சிலவற்றுக்குள் உண்மையான புற்றுநோய் ஒளிந்திருப்பதுண்டு. ரேடியல் ஸ்கார் உள்ள பெண்களுக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1997இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் ஊசிச் சோதனையில் இது தெரிந்தால், முழுவதையும் எடுத்துப் பார்ப்பதா, தொடர்ந்து கண்காணிப்பதா என்று மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள்.